வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் குடும்ப வீட்டின் மனைத்திட்டம்: நீரை முதலாகக் கொண்ட ஓர் அணுகுமுறை

ஆய்வுச்சுருக்கம்

பாலாற்றுப் படுகையில் அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நெடுங்காலமாகப் பாதிக்கப்பட்டுள்ளது. இவ்வட்டாரத்தில் புதிதாகக் குடும்ப வீடு கட்டுவோர் அறைகளின் எண்ணிக்கையையும் வாசலின் திசையையும் முதலில் முடிவுசெய்து, நீர், கழிவுநீர் அமைப்புகளை எஞ்சிய இடத்தில் பொருத்துவது வழக்கமாக உள்ளது. இவ்வரிசை மாற்றப்பட வேண்டும் என்பதை இந்தியத் தரநெறிகள், மனையடி மரபு, வட்டாரத் தட்பவெப்பம், வீட்டுவழி உழைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனைத்திட்டம், பாலாறு, தோல் தொழில், நிலத்தடி நீர், உறிஞ்சுகுழி, மனையடி மரபு, வீட்டுவழித் தொழிலாளர்

முன்னுரை

மனையை அளந்து திசை குறித்து வீடு வகுக்கும் முறை தமிழ் மரபில் தொன்மையானது. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, கோல் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூலிட்டு அரண்மனையை வகுத்த செய்தியைக் கூறுகிறது. வகுத்தல் என்னும் செயல் அங்கே கதிரவனிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் அவ்வாறு தொடக்கப்புள்ளியாக அமைய வேண்டிய ஒன்று உண்டு. வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் அது நீர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வீடு கட்ட முனையும் குடும்பத்தின் முதல் வினாக்கள் பெரும்பாலும் அறைகளைப் பற்றியவை. படுக்கையறை எத்தனை, சமையலறை எந்த மூலை, மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்பன பேசி முடிக்கப்பட்ட பின்னரே, ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் மிஞ்சிய மூலைகளில் குறிக்கப்படுகின்றன. சுவரை இடித்துக் கட்டலாம், அறையைப் பிரிக்கலாம், தோண்டிய கிணற்றையும் புதைத்த தொட்டியையும் இடம் மாற்றுவது அரிது. ஆகவே மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவுசெய்வதே திட்டமிடலின் முறையான வரிசையாகும்.

இவ்வரிசைக்கு இன்று கூடுதல் இன்றியமையாமை ஏற்பட்டுள்ளது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2024 ஜூலையில், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழி உடனடி அனுமதி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. காலதாமதத்தைக் குறைத்த இத்திட்டத்தால், வரைபடம் சரியா என்று பார்க்கும் பொறுப்பின் பெரும்பகுதி வீட்டு உரிமையாளரையும் பதிவுபெற்ற பொறியாளரையும் சார்ந்ததாகிவிட்டது.

1. வட்டாரத்தின் நீர்நிலை

2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி, தற்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. பதனிடும் தொழிலில் இரு கட்டங்களில் நீர் கெடுகிறது. பச்சைத்தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது கழிவுநீரில் கலக்கிறது. பதனிடும் கட்டத்தில் குரோமிய உப்புகள் சேர்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதைப் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை ஆகிய இரண்டும் இத்தீர்ப்பின் வழி இந்தியச் சூழலியல் சட்டத்தில் நிலைபெற்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்ட பின்னரும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வட்டார மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, தொடர் கண்காணிப்புக்கு ஆணையிட்டது இதனை உணர்த்தும்.

இதன்பொருள் இங்குள்ள எல்லாக் கிணறுகளும் கெட்டவை என்பதன்று. பாறைப் பிளவுகளின் போக்கு, ஆற்றிலிருந்து உள்ள தொலைவு, பழைய கழிவுநீர் ஓடைகளின் தடம் ஆகியவற்றுக்கேற்ப ஒரே தெருவில்கூட நீரின் தன்மை மாறுபடலாம். எனவே பக்கத்து வீட்டு நீரின் சுவையை வைத்து முடிவெடுக்க இயலாது. இந்தியக் குடிநீர்த் தரநெறியான ஐ.எஸ். 10500, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2000 வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது. குளோரைடுக்கு இவ்வெல்லைகள் முறையே 250, 1000 ஆகும். மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம் என்னும் ஒரே எல்லையே உண்டு. அதில் தளர்வு இல்லை. நீரைக் காய்ச்சுவது கிருமிகளை அழிக்கும். உப்பையும் குரோமியத்தையும் நீக்காது.

நீர்ச்சோதனை கட்டுமானத்துக்கும் தேவை. கம்பி இட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமை மிகலாகாது என ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. குடிநீருக்குக் கட்டாய நிலையில் ஏற்கப்படும் 1000 என்னும் அளவே கான்கிரீட்டுக்கு ஏற்றதன்று என்பது இங்கே கருதத்தக்கது. உவர்நீரால் கலவை போட்டு எழுப்பிய தூண்களில் கம்பி உள்ளிருந்து துருவேறிப் பருத்து, மேற்பூச்சையும் கான்கிரீட்டையும் பிளக்கும். மனையில் போர் போட்டவுடன் அந்நீரைச் சோதித்து, தகாததாயின் கட்டுமானத்துக்கு வேறு நீரை ஏற்பாடு செய்வது மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டிய செலவாகும்.

2. பதினெட்டு மீட்டர் என்னும் அளவு

கழிவுநீர்த் தொட்டி குறித்த ஐ.எஸ். 2470 தரநெறியின் இரண்டாம் பகுதி, உறிஞ்சுகுழி போன்ற மண்வழி அமைப்புகள் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமலும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவுகளை நடைமுறை மனையில் பொருத்திப் பார்த்தால் ஓர் அடிப்படை உண்மை புலப்படும்.

30 அடிக்கு 40 அடி என்னும் 1200 சதுர அடி மனையை எடுத்துக்கொள்வோம். இது அரை கிரவுண்டு. ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். இம்மனையின் எதிரெதிர் மூலைகளுக்கு இடைப்பட்ட மூலைவிட்டம் 50 அடி, அதாவது 15.24 மீட்டர். கிணற்றை ஒரு கோடியிலும் உறிஞ்சுகுழியை மறுகோடியிலும் வைத்தாலும் 18 மீட்டர் கிடைக்காது. வரைபடத்தை எவ்வாறு திருத்தினாலும் இம்மனைக்குள் குடிநீர்க் கிணறும் உறிஞ்சுகுழியும் முறைப்படி ஒருங்கே அமைய இயலாது. 40 அடிக்கு 60 அடி என்னும் முழு கிரவுண்டில் மூலைவிட்டம் ஏறத்தாழ 22 மீட்டர். அங்கே நேர் எதிர் மூலைகளில் மட்டுமே இடைவெளி கிடைக்கும்.

இவ்வளவு மதில் சுவரோடு முடிவதன்று. நம் உறிஞ்சுகுழி பக்கத்து மனையின் கிணற்றுக்கு அருகில் அமையலாம்; அவர்களுடையது நம் கிணற்றுக்கு அருகில் அமையலாம். நிலத்தடி நீர் பட்டா எல்லையை அறியாது. ஆகவே மனைத்திட்டம் வரையும்போது சுற்றியுள்ள மனைகளின் கிணறுகளையும் தொட்டிகளையும் அதே தாளில் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

சிறுமனையாளருக்கு எஞ்சும் வழிகள் மூன்று. பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் கழிவுநீரை அதில் இணைப்பது முதலாவது. நீர் கசியாத தொட்டி அமைத்து, அதன் வெளியேற்றத்தை அத்தரநெறியே கூறும் மேலெழு வடிகட்டி வழியாகச் செலுத்துவது இரண்டாவது. மனையின் போர் நீரைப் புழக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி, குடிநீரைப் பொதுக் குழாயிலிருந்தும் மழையிலிருந்தும் பெறுவது மூன்றாவது. காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இவ்வட்டாரத்துக்கு வந்திருப்பதால் மூன்றாவது வழி இன்று நடைமுறைக்கு உகந்தது. ஆயினும் அது குடிப்போரை மட்டுமே காக்கும். அண்டை வீட்டார் கிணற்றைக் காக்க முதலிரண்டில் ஒன்றும் உடன்வர வேண்டும்.

தொட்டியின் மூடி எங்கே வருகிறது என்பதும் வரைபடத்துக்குரிய வினாவே. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் வகையில் மூடி திறந்த இடத்தில் இருந்தால்தான் இச்சட்டத்தைப் பின்பற்ற முடியும். பின்கட்டில், சமையலறைத் தளத்துக்கு அடியில் புதைந்த தொட்டி என்றேனும் ஒரு தொழிலாளியின் உயிரைக் கேட்கும் நிலையை உருவாக்கலாம்.

3. மனையடி மரபும் தரநெறியும்

இவ்வட்டாரக் குடும்பங்களில் பலவும் வாஸ்து பார்த்தே வீடு கட்டுகின்றன. பரவலாக வழங்கும் முறைப்படி, நீர்நிலை ஈசானிய மூலையாகிய வடகிழக்கிலும், அடுப்பு அக்கினி மூலையாகிய தென்கிழக்கிலும், கழிவுத்தொட்டி வாயு மூலையாகிய வடமேற்கிலும் அமைய வேண்டும். கன்னி மூலையாகிய தென்மேற்கில் பள்ளம் தோண்டலாகாது.

இதனைத் தரநெறியோடு ஒப்பிட்டால் முரண் வெளிப்படுகிறது. வடகிழக்கிலிருந்து மிகத் தொலைவிலுள்ள மூலை தென்மேற்கு. மரபு விலக்குவது அதனையே. வடமேற்கில் தொட்டியை வைத்தால் இடைவெளி மனையின் கிழக்கு மேற்கு நீளத்துக்குள் அடங்கும். அந்நீளம் 40 அடியாயின் 12.2 மீட்டர், 60 அடியாயின் 18.3 மீட்டர். இரண்டாவதிலும் கிணறும் குழியும் எல்லைக்குச் சற்று உள்ளே தோண்டப்படுவதால் இடைவெளி 18 மீட்டருக்குக் கீழிறங்கும்.

இம்முரணை மரபின் குறையாக மட்டும் கொள்வது பொருந்தாது. கழிப்பறை வீட்டுக்குள் வராத, மனைகள் பரந்திருந்த காலத்தில் உருவான முறை அது. மரபை விட விரும்பாத குடும்பத்துக்கும் ஓர் இணக்க வழி உண்டு. ஈசானிய மூலையில் குழாய் நீரையும் மழைநீரையும் தேக்கும் மூடிய தரைத்தொட்டியை அமைத்து, போரைக் குடிநீர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டால், நீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்னும் விதியும் நிறைவேறும். 18 மீட்டர் இடைவெளி தேவைப்படும் கிணறும் மனையில் இராது. தரைத்தொட்டியின் சுவர் கசிவற்றதாகவும், அதன் வாய் தரைமட்டத்துக்கு மேல் உயர்ந்தும் இருத்தல் இதற்கு முன்தேவை.

4. மழைநீரின் கணக்கு

2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் அது நிலத்துக்குள் நீரை இறக்கும் குழியாகவே உள்ளது. நிலத்தடி நீர் கெட்ட பகுதியில் தூய மழைநீர் முழுவதையும் மண்ணுக்குள் விடுவதைவிட, முதலில் குடிநீருக்குத் தேக்கி, மிகுதியை மண்ணுக்குள் விடுவதே பயனுடையது.

மேற்கூறிய 1200 சதுர அடி மனையில் எடுத்துக்காட்டாக நான்கு புறமும் 5 அடி விட்டால், கட்டடம் 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி ஆகும். இது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். ஆண்டு மழையை 900 மில்லிமீட்டர் எனவும், அதில் 80 விழுக்காடு கைக்கு வரும் எனவும் கொண்டால் 40,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் பயன்படுத்தினால் நாட்தேவை 40 லிட்டர். ஆண்டுத்தேவை 14,600 லிட்டர். மழை அருகிய ஜனவரி முதல் மே வரையிலான 150 நாட்களுக்கு 6000 லிட்டர் போதும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டி இதனைக் கொள்ளும். முகப்பு மண்டபத்தின் அடியில் இதற்கு இடம் உண்டு; அறைகளைத் தொட வேண்டியதில்லை. முதல் மழை கூரையைக் கழுவிச் செல்ல ஒரு திறப்பும், மணல் – கரி வடிகட்டியும், தொட்டி நீருக்குக் கிருமிநீக்கமும், ஆண்டுதோறும் சோதனையும் வேண்டும்.

நீரின் வகைக்கேற்பக் குழாய்களையும் பிரிக்க வேண்டும். குடிநீர் ஒன்று, புழக்கநீர் ஒன்று, குளியல், துணி துவைப்பு ஆகியவற்றின் கழிவுநீர் ஒன்று. எதிர்ச் சவ்வூடு முறையில் இயங்கும் சுத்திகரிப்பான் வைக்கும் வீடுகளில் ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டு மூன்று லிட்டர் உவர்நீர் வெளியேறும். அதனைச் செடிக்கு விட்டால் மண் உவர்ப்பேறும். கழிப்பறைத் தொட்டிக்குச் செலுத்துவதே தக்கது. ஆதலால் சமையலறையும் கழிப்பறையும் ஒரே குழாய்ச் சுவரைப் பகிருமாறு அருகருகே அமைவது சிக்கனமானது.

5. வெயில், காற்று, உழைப்பு

நீரின் இடங்கள் முடிவான பின்னரே அறைகளின் வரிசை தொடங்க வேண்டும். சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் மே மாத வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது இயல்பு. மேற்குச் சுவர் மாலை வெயிலை ஏற்று இரவில் வீட்டுக்குள் உமிழும். எனவே குளியலறை, மாடிப்படி, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்கில் நிறுத்தி, படுக்கையறையை அவற்றின் மறைவில் வைப்பது நலம். ஆம்பூர் ஏறத்தாழ 12.8 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுவரை நண்பகல் கதிரவன் தலைக்குச் சற்று வடக்கே செல்கிறது. ஆகவே வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மற்ற மாதங்களில் அச்சன்னல் கண்கூசாத ஒளியைத் தரும்.

இவ்வொளி இங்கே அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. ஆம்பூர்ப் பகுதியில் 'அப்பர்' எனப்படும் காலணி மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பணியைப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்கின்றனர். 2016இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று இவர்களது குறைந்த கூலியையும் உடல்நோவையும் விரிவாகப் பதிவு செய்தது. வீட்டுவழி உழைப்பு குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. அரசு ஆவணத்திலும் வீட்டு வரைபடத்திலும் ஒருசேர இடம்பெறாத பணி இது. கூடத்தின் நடுவிலோ வாசற்படியிலோ குனிந்தமர்ந்து தைப்பதே நடப்பு.

தேசியக் கட்டட நெறி, வாழும் அறையொன்றுக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும், சமையலறைக்கு 5 சதுர மீட்டர் பரப்பும் குறைந்த அளவாகக் கூறுகிறது. தையல் பணிக்குத் தனியறை வேண்டியதில்லை. வடக்குச் சன்னலை ஒட்டி இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒதுக்கிடமும், முதுகு சாய ஒரு சுவரும், காலுயரத் திண்டும், தோல் துண்டுகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க ஒரு பரணும் போதும். பசை பயன்படும் பணியாயின் அடுப்பிலிருந்து தொலைவு வேண்டும். கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தங்கும். பாயில் உறங்கும் குழந்தையையே முதலில் சேரும். ஆதலால் மேல் சாளரத்தோடு தரையருகே ஒரு காற்றுத்துளையும் வைக்க வேண்டும்.

6. விருந்தினரும் கூட்டுக்குடும்பமும்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் இசுலாமியக் குடும்பங்களில் ஆண் விருந்தினரை வாசலையொட்டிய அறையில் அமர்த்தும் வழக்கம் உண்டு. உருது வழக்கில் ஆண்கள் பகுதி மர்தானா என்றும் பெண்கள் பகுதி ஜனானா என்றும் வழங்கும். சிறுமனையில் இவ்விரு பகுதிகளைத் தனித்தனியே கட்ட இயலாவிடினும், முன்னறைக்குத் தனி வாசலும் கைகால் கழுவுமிடமும் அமைத்து, உள்வாசலை நேர்ப்பார்வையிலிருந்து விலக்கி வைத்தால் வழக்கம் நிறைவேறும். தொழுகைத் திசை இங்கிருந்து நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காகச் சாய்ந்தது. கழிப்பறையின் அமர்திசையை அதற்கு நேராக வைக்காதிருப்பது தொட்டிக்குழாய் பதிக்கும் முன்னரே குறிக்கப்பட வேண்டியது. இந்துக் குடும்பங்களில் பூசையறைச் சுவரும் கழிப்பறைச் சுவரும் ஒன்றாகாதிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் இதே நிலையிலேயே தீர்க்கப்பட வேண்டும். இரு மரபுகளும் நீர்க்குழாயின் இடத்தைத் தீர்மானிக்கின்றன என்பது நோக்கத்தக்கது.

7. மழை, வெள்ளம், சுவர்

பல ஆண்டுகள் வறண்டு கிடப்பதால் பாலாறு வீட்டுத் திட்டத்தில் மறக்கப்படுகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சிதைத்த பெருவெள்ளமும், 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டதும் அம்மறதிக்கு எதிரான சான்றுகள். 2021 நவம்பர் 19 அன்று தொடர்மழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 4 குழந்தைகள் உள்ளிட்ட 9 பேர் உயிரிழந்தனர். பேஸ்மட்டத்தைத் தெருமட்டத்துக்கு மேல் உயர்த்துவதோடு, கூரைநீர் அண்டைவீட்டுச் சுவரின் அடியில் விழாதவாறு வடிகால் அமைப்பதும், உயரமான பழஞ்சுவரையொட்டிப் படுக்கையறை வைக்காதிருப்பதும் மனைத்திட்டத்தின் பகுதிகளே.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இவ்வட்டார வீட்டுக்குரிய முடிவுகளின் வரிசையைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலில் நீர்ச்சோதனை, அடுத்து அண்டை மனைகளின் கிணறு, தொட்டி ஆகியவற்றைக் குறித்தல், பின் குடிநீரின் மூலத்தையும் கழிவுநீரின் போக்கிடத்தையும் உறுதிசெய்தல், அதன்பின் தரைத்தொட்டி, குழாய்ச் சுவர், பேஸ்மட்டம், இறுதியில் வெயிலுக்கும் உழைப்புக்கும் வழக்கத்துக்கும் ஏற்ற அறைகள்.

அரை கிரவுண்டு மனையில் குடிநீர்க் கிணறும் உறிஞ்சுகுழியும் ஒருங்கே அமைய இயலாது என்பது தனியொரு குடும்பத்தின் திறமையால் தீர்க்கக்கூடியதன்று. அத்தகைய மனைகளைப் பிரித்து விற்கும்போதே பொதுக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உறுதிசெய்யப்பட வேண்டும். பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டம் 25 சதுர மீட்டரைக் குறைந்தபட்சப் பரப்பாகக் கொண்டுள்ளது. இத்தகைய சிறுவீடுகளுக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் மாதிரி வரைபடங்களில் மழைநீர்த் தொட்டியும் தையல் ஒதுக்கிடமும் சேர்க்கப்படுவது பொருத்தமாகும். தோல் தொழில் ஒரு தலைமுறைக்கு வருவாயைத் தந்தது. நிலத்தடி நீரில் அதன் எச்சம் அடுத்த தலைமுறைகளுக்கும் தொடர்கிறது. அவ்வெச்சத்தோடு வாழப்போகும் குழந்தைகளுக்கான வீடு, நீரின் இடத்தை முதலில் குறித்த வரைபடத்திலிருந்தே எழ வேண்டும்.